குக்கீக்குத் தடை போட்ட தலைவர்

“ஓட்டுப் போடலாம்னு உள்ள போனா, மறுபடியும் யார் நீங்கன்னு கேக்குது சார்,” என்றார் மூன்றாம் மாடி டீச்சர்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். தேர்தல் இந்த முறை இணையத்தில். மாலை ஐந்தோடு முடிந்துவிடும். எதிர்த்து நிற்பவர் முதல் மாடிப் பல் டாக்டர். தோற்றால், லிஃப்டுக்குள் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் தம் படத்தைக் கழற்றியாக வேண்டும்.

“பாஸ்வேர்டு தப்பா இருக்கும்மா.”

“சரியாத்தான் போடறேன். அடுத்த பக்கம் போனா என்னை மறந்துடுது. எங்க வீட்டுக்காரர் மாதிரி.”

தலைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக் கணினி முன் உட்கார்ந்தார். புதுப் பாஸ்வேர்டு கேட்டார். அது வந்து சேர்ந்த மின்னஞ்சலும் அவரை உள்ளே விடவில்லை. எல்லாவற்றையும் மூடித் திறந்தார். டீச்சரின் மகள் பாதி நிரப்பியிருந்த கல்லூரி விண்ணப்பம் அதோடு காற்றில் போனது.

“அங்கிள், காலைலேர்ந்து அடிச்சேன் அதை.”

“சின்ன வயசு, கை நல்லா ஓடும். இன்னொரு தடவை அடிம்மா.”

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. போன மாதம் ‘இணைய விழிப்புணர்வு வாரம்’ என்று வீடு வீடாகப் போய் முழங்கியவர் அவர்தான். “குக்கீன்னா என்ன? நீங்க யாரு, எங்க போனீங்கன்னு இணையதளம் உங்க கம்ப்யூட்டர்லயே எழுதி வெச்சுட்டுப் போற குறிப்பு. நம்ம கட்டடத்துல ஒன்னுகூட நுழையக் கூடாது!” என்று சொல்லி, ஒவ்வொரு பிரவுசரிலும் தம் கையாலேயே தடை போட்டார். பல் டாக்டர் வீட்டையும் விடவில்லை. தம் கணினியை மட்டும் விட்டுவைத்தார்; தடை போட்டால் ரம்மி ஆட முடியவில்லை. அதனால் தம் ஓட்டைக் காலையிலேயே சுலபமாகப் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு ஓடினார்.

“எனக்கு ஓட்டுப் போடற ஜனத்தையெல்லாம் நானே கட்டிப் போட்டு வெச்சிருக்கேன்டி.”

“அப்ப போய் அவுத்து விடுங்க,” என்றார் மனைவி. “முதல்ல என் போனை.”

அவிழ்த்தார். பிறகு மாடி மாடியாக ஏறினார். ஓட்டுப் போடும் இணையதளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்துப் பார்த்தார். அது சரிபார்ப்புக்காக வேறொரு தளத்துக்கு அனுப்ப, அங்கே முட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் அனுமதி.

“ஆபத்துன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றார் ஐந்தாம் மாடி வக்கீல்.

“அது போன மாசம் சார். அமுக்குங்க.”

பல் டாக்டர் வீட்டு வாசலை மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தார்.

ஐந்து மணிக்குச் சங்க அறையில் எழுத்தர் முடிவைப் படித்தார். “பல் டாக்டருக்கு முப்பத்தெட்டு. தலைவருக்கு ஒன்னு.”

தலைவர் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். அவர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“நேரம் பத்தல,” என்றார் தலைவர், வியர்வையைத் துடைத்தபடி. “இன்னும் நாலு வீட்டைத் திறந்து விட்டிருந்தா கதையே வேற.”

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார்.

“மத்தியானம் வரைக்கும் மொத்தமே ஒரு ஓட்டுதான் சார் விழுந்திருந்துச்சு. நீங்க பேசாம வீட்டுலயே உக்காந்திருந்தா ஜெயிச்சிருப்பீங்க.”