ஆக்சிஜன் கூண்டுக்கு நல்லெண்ணெயோடு போனவன்

ஊருக்கு உபதேசம் செய்கிறவனை நம்பக் கூடாது. நானே அப்படி ஒருவன். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் தீத்தடுப்பு சூப்பர்வைசர். தொழிலாளர் மடியைத் தடவிப் பீடியும் தீப்பெட்டியும் பிடுங்கியே தலை நரைத்தவன்.

வாயில் வந்த புற்றுநோய்க்குக் கரண்டு வைத்துப் (கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) பிழைத்து நாலு வருடம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன். குழி ஆறவே இல்லை. அந்தக் கதிர்வீச்சில் தாடையெலும்பு செத்துக்கொண்டிருக்கிறது என்றார் மதுரை டாக்டர். ஆக்சிஜனை அழுத்தி நிரப்பிய கண்ணாடிக் கூண்டுக்குள் முப்பது தடவை படுத்தால் ஆறலாம். ஆறாவிட்டால் தாடையை வெட்ட வேண்டும். பஸ்ஸில் ஊர் வரும்வரை தாடையைக் கையில் தாங்கியபடியே வந்தேன்.

முதல் தடவை ஒரு சனிக்கிழமை. காலையில் என் மனைவி கிண்ணத்தோடு வந்தாள்.

"கரண்டு வச்ச சூடு இன்னும் ஒடம்புல கெடக்கு. அதான் புண்ணு ஆறல. எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டுப் போனா அம்புட்டும் எறங்கிரும்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்தேன். (செக்கு எண்ணெய் வேறு. சீயக்காய்க்குப் பாதிதான் போனது.)

மதுரையில் கூண்டைத் திறந்த டெக்னீஷியன் மூக்கைச் சுளித்தார்.

"சார், தலைக்கு எண்ணெய் வச்சிருக்கீங்களா?"

"தலைக்கு மட்டுமில்ல தம்பி" என்றேன் பெருமையாக.

"கூடாதுன்னு பேப்பர்லயே போட்டிருந்துச்சே. உள்ள முழுக்க ஆக்சிஜன். ஒரு பொறி போதும். படிச்சுப் பாத்துத்தான கையெழுத்துப் போட்டீங்க? என்ன வேலை பாக்கீங்க?"

சொன்னேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். கூட வந்த என் மனைவி சுவரைப் பார்த்தாள்.

என் இடம் அடுத்தவருக்குப் போனது. என்னைப் பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். "நாந்தான் கெடுத்துட்டேன்" என்று மனைவி பஸ்ஸில் வழி முழுக்க அழுதாள். செத்துக்கொண்டிருக்கும் எலும்புக்குப் பத்து நாள் என்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்கவும் பயமாக இருந்தது.

பிறகு முப்பது தடவையும் வறண்ட தலையோடு போய்வந்தேன். குழி பாதிதான் மூடியிருக்கிறது. மீதிக்கு டாக்டர் "பார்ப்போம்" என்கிறார்.

விஷயம் மில்லுக்கும் எட்டிவிட்டது. நான் சோதனைக்குப் போனால் தொழிலாளர்கள், "மொதல்ல ஒங்க தலையக் காட்டுங்க சார்" என்கிறார்கள். அதைச் சொல்லிச் சொல்லி இப்போது என் மனைவியும் சிரிக்கிறாள். தாடை இறுகிப்போனதில் என் வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. அந்த ஒரு விரல் அளவுக்கு நானும் சிரித்துவைக்கிறேன்.