குணா அண்ணன் புதிய இடத்துக்குப் போன கதை

போன வாரம் எனக்குக் கெடச்ச வேலை ரொம்பச் சின்னது. எங்க அண்ணன் கடை இடம் மாறுது. அத கஸ்டமர் குரூப்ல ஒரு போட்டோவோட போடணும். அவ்ளோதான்.

அண்ணன் பேரு குணா. பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு சந்து ஓரமா இருபது வருஷமா இடியப்பக் கடை போட்டிருக்கார். காலைல ஆபீசுக்குப் போறவங்க வரிசையில நின்னு அங்க பசியாறிட்டுத்தான் போவாங்க. இப்போ ரெண்டு சந்து தள்ளி, கூரையோட ஒழுங்கான கடை ஒண்ணு கெடச்சிருக்கு. மழை பெஞ்சா இனிமே ஒரு கையில குடை, ஒரு கையில இடியப்பத் தட்டுன்னு நிக்க வேண்டாம்.

அண்ணன் சொன்னது இதுதான். "சும்மா ஒரு போட்டோ எடுத்து, கடை மாறுது, வாங்கன்னு போடு. போதும் லா."

அவருக்குப் போதும். எனக்குத்தான் போதல.

ஏன்னா நான் கொஞ்ச நாளா ஏஐ வெச்சு புதுப்புது வித்தையா கத்துக்கிட்டு இருந்தேன். நான் கிள்ளான்ல ஒரு சரக்கு கம்பெனில கிளார்க். ப்ராம்ப்ட் மட்டும் சரியா எழுதத் தெரிஞ்சா போதும், எந்தத் தொழிலையும் வீட்ல உட்கார்ந்தே கத்துக்கலாம்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்லப் போக, எனக்கு உள்ளுக்குள்ள ஏதோ முழிச்சிக்கிச்சு. முதல்ல கேக் கத்துக்கிட்டேன். அந்தக் கேக் இன்னும் ஐஸ் பெட்டியிலதான் இருக்கு. கத்தி இறங்க மாட்டேங்குது.

சரி, கேக் நம்ம லைன் இல்ல. போட்டோகிராபிக்கு மாறினேன்.

"நீ உலகத்துலயே பெரிய போட்டோகிராபர். நான் உன் ஒரே சிஷ்யை. எல்லா ரகசியத்தையும் சொல்லு"ன்னு அடிச்சேன். பாவம், அதுவும் சொல்லுச்சு. முகத்துல வெளிச்சம் ஒரு பக்கமா மட்டும் விழட்டும். ஆளு கேமராவப் பார்க்க வேண்டாம், எதையாவது ஆழமா நினைக்கட்டும். முன்னாடி ஏதாவது சின்னப் பொருள மங்கலா வெச்சா படத்துக்கு ஆழம் வரும். தேவையில்லாதத எல்லாம் வெட்டிடு. உழைக்கிற மனுஷன் முகத்துக்குக் கறுப்பு வெள்ளைதான் அழகு.

ஒண்ணு விடாம செஞ்சேன்.

ஞாயித்துக்கிழமை கடை மூடுற நேரத்துக்குப் போய் அண்ணன ஸ்டூல்ல உட்கார வெச்சேன். அவருக்குப் பின்னாடி சாமி படம், அதுல இருந்து கீழ வரைக்கும் தொங்கற பூமாலை. முன்னாடி ஆழத்துக்கு என்ன வைக்கலாம்னு தேடினேன். சாமிக்கு ஏத்தின விளக்கு கைக்குக் கெடச்சது. அத வெச்சேன். எதையாவது ஆழமா நினைங்கண்ணேன்னு சொன்னேன். அவரும் நினைச்சார். என்ன நினைச்சீங்கன்னு பிறகு கேட்டேன். தேங்காய் விலையாம்.

வீட்டுக்கு வந்து, தேவையில்லாதத வெட்டினேன். சாமி போயிட்டார். மாலை மட்டும் அண்ணன் தலைக்கு மேல தொங்குச்சு. கறுப்பு வெள்ளைக்கு மாத்தினேன். நானே அசந்துட்டேன். அப்படி ஒரு அமைதி அந்த முகத்துல.

அடுத்தது மார்க்கெட்டிங். இப்போ அது உலகத்துலயே பெரிய விளம்பர நிபுணர் ஆயிடுச்சு. ரகசியம் எங்கிட்டயே இருக்கும்மா, கேளுன்னு ஆரம்பிச்சது. முதல் நாளே எல்லாத்தையும் சொல்லக் கூடாது, ஜனங்க தவிக்கணும். போட்ட உடனே யாருக்கும் பதில் சொல்லக் கூடாது, மௌனம் ஆர்வத்தத் தூண்டும். நான் என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன். "படிக்கிறவங்க கண்ணு கலங்கணும்."

வந்த விளம்பரம் இது:

"இருபது ஆண்டுகள் நம் காலைப் பசியை ஆற்றிய கைகள். இனி அந்தப் பழைய இடத்தில் அவரைப் பார்க்க முடியாது. நம் குணா அண்ணன் புதிய இடத்துக்குப் புறப்பட்டுவிட்டார். விவரங்கள் விரைவில்."

எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. அப்பவாவது நான் யோசிச்சிருக்கணும். ஆனா நான் யோசிச்சது, ஐயோ, எவ்ளோ வேலை செய்யுது பாருங்கறதுதான்.

திங்கட்கிழமை காலைல ஆபீசுக்குள்ள நுழையும்போது குரூப்ல போட்டேன். என் ஸ்டேட்டஸ்லயும் போட்டேன். மௌனம் முக்கியம்கறதால, குரூப்ல வேற யாரும் பேச முடியாதபடி பூட்டினேன். போனை சைலண்ட்ல வெச்சு ட்ராயர்ல போட்டேன். ஸ்டோர்ல சரக்கு எண்ணற வேலை இருந்துச்சு. போய் எண்ணிக்கிட்டு இருந்தேன்.

மத்தியானம் பக்கத்துல காக் ரோஸ் வந்து நின்னாங்க. என் கூட வேலை செய்யற மலாய்க்கார அக்கா. தமிழ் ஒரு எழுத்து தெரியாது. வந்தவங்க என்னைக் கட்டிப் பிடிச்சாங்க. அப்புறம் மெதுவா மலாய்ல, "தக்சியா, தேவி. உன் அண்ணன்..."ன்னு சொல்லி நிறுத்திட்டாங்க.

தக்சியாங்கறது செத்த வீட்ல சொல்ற வார்த்தை.

இந்த இடத்துல கொஞ்சமாச்சும் மூளை உள்ளவளா இருந்தா, அக்கா, அது விளம்பரம்னு சொல்லியிருப்பா. எனக்கு விளம்பர ஞாபகமே வரல. ஆபீஸ் நம்பருக்கு யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்காங்கன்னு நினைச்சேன். கையில இருந்த பெட்டி கீழ விழுந்துச்சு. அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பிச்சிட்டேன்.

பாஸ் ஓடி வந்து, வேலையப் பத்தி யோசிக்காத, எத்தன நாள் வேணாலும் லீவு எடுத்துக்கோன்னு சொன்னார். நாலு வருஷமா லீவு கேட்டா முகத்தத் திருப்பிக்கிற மனுஷன்.

ட்ராயர்ல இருந்து போன எடுத்தா, திரை முழுக்க மிஸ்ட் கால். அண்ணனுக்கு அடிச்சேன், ஆஃப். அண்ணிக்கு அடிச்சேன், மணி அடிக்குது, எடுக்கல. அந்த நேரம் பார்த்து எங்க சித்தி மக கூப்பிட்டா. போயிட்டாரேன்னா. ஆமாடி, போயிட்டாரேன்னு நானும் சொன்னேன். ரெண்டு பேரும் சேர்ந்து நல்லா அழுதோம். எப்படின்னு அவளும் கேட்கல, நானும் கேட்கல.

காக் ரோஸ்தான் என்னைக் காடியில முன் சீட்டுல ஏத்தி அண்ணன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அதுவும் கிள்ளான்தான், பத்து நிமிஷம். வழி நெடுக அண்ணன நினைச்சு அழுதேன். சின்ன வயசுல என்னை சைக்கிள்ல வெச்சுப் பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போனது, என் கல்யாணத்துல ஓரமா நின்னு கண்ணத் தொடச்சது, எல்லாம் வந்துச்சு. நேத்து கடைசியா அவர்கிட்ட என்ன பேசினேன்னு யோசிச்சேன். "தாடையக் கொஞ்சம் இறக்குங்கண்ணே." அதுதான் கடைசி வார்த்தைன்னு நினைச்சதும் இன்னும் பலமா அழுதேன்.

வீட்டு வாசல்ல டெண்டு போட்டாச்சு. நாற்காலி எல்லாம் வரிசையா இருக்கு. கேட்டுல பூட்டுத் தொங்குது. அந்தக் குடியிருப்புத் தாமான்ல யாருக்கு என்ன ஆனாலும் முன்னாடி நிக்கிற முனியாண்டி அங்கிள்தான் எல்லா ஏற்பாட்டையும் செஞ்சிருந்தார். குடும்பம் ஆஸ்பத்திரியில இருக்கும், உடம்பு வர்றதுக்குள்ள நாம எல்லாத்தையும் தயாரா வெச்சிடணும்னு அவர் கணக்கு. பூட்டின வீட்டுக்குள்ள அண்ணியோட போன் மணி அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு தடவ அடிக்கும்போதும் வெளிய நின்ன பொம்பளைங்க புதுசா அழுதாங்க.

வாசல்ல ஒரு மேசை. அதுமேல அண்ணனோட போட்டோ, பெருசா பிரிண்ட் போட்டு, சட்டம் போட்டு, மாலை போட்டு.

அழுகைக்கு நடுவுலயும் எனக்கு ஒண்ணு தோணுச்சு. இத யாரு எடுத்தாங்க, வெளிச்சம் இவ்ளோ அழகா விழுந்திருக்கே.

போட்டோவுக்குள்ள ஏற்கனவே ஒரு மாலை இருந்துச்சு. வெளிய இன்னொரு மாலை. அந்த உள் மாலையப் பார்த்ததும்தான் இது நான் எடுத்த போட்டோன்னே தெரிஞ்சது.

முனியாண்டி அங்கிள்கிட்ட போய், அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன். அவர் என்னைப் பாவமாப் பார்த்தார்.

"அத நீதாம்மா சொல்லணும். விவரங்கள் விரைவில்னு போட்டிருந்தியே. காலைலருந்து காத்துக்கிட்டு இருக்கோம்."

எனக்கு அழுகை நின்னு போச்சு. கண்ணத் தொடச்சிக்கிட்டு ஜனங்களப் பார்த்தேன். பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து கோமுட்டர் ரயில் ஏறி வந்தவங்க, பக்கத்துக் கடைப் பூக்கார அக்கா, டாக்சி ஓட்டுற அண்ணே, தினம் தேங்காய்ப்பூ பத்தலன்னு அண்ணன்கிட்ட சண்டை போடற சீன அங்கிள். அந்த சீன அங்கிள்தான் எல்லாரையும் விட அதிகமா அழுதுக்கிட்டு இருந்தார்.

இப்போ இவங்ககிட்ட எப்படிச் சொல்றது? ஐயா, இது விளம்பரம், ரெண்டு சந்து தள்ளிப் புதுக் கடை திறக்கறோம்னு சொல்லலாம். சொன்னா அந்த டெண்டுக்கு அடியிலயே என்னைப் படுக்க வெச்சிடுவாங்க. முதல்ல அண்ணன் எங்கன்னு தெரியணும். வாயத் திறந்து மூடினேன். துக்கத்துல பேச்சு வரலன்னு நினைச்சு ஒரு ஆன்டி எனக்குத் தண்ணி கொடுத்தாங்க.

அப்பதான் ஒரு லோரி வந்து தெரு முனையில நின்னுச்சு.

லோரில இருந்து அண்ணன் இறங்கினார். பின்னாடியே அண்ணி. புதுக் கடைக்கு இடியப்பம் அவிக்கிற பெரிய பானை வாங்க ரெண்டு பேரும் காலைலயே ரவாங் போயிருக்காங்க. அண்ணன் போன்ல பேட்டரி இல்ல. அண்ணி போன மறந்து வீட்லயே வெச்சிட்டாங்க.

டெண்டப் பார்த்ததும் அண்ணன் முகம் மாறிப்போச்சு. பக்கத்து வீட்லன்னு நினைச்சிருக்கார். செருப்ப ஓரமாக் கழட்டி வெச்சார். சட்டையச் சரி பண்ணிக்கிட்டார். தலையக் குனிஞ்சபடி வந்து, கடைசி நாற்காலியில உட்கார்ந்திருந்த டாக்சிக்கார அண்ணே தோள்ல கை வெச்சு, மெதுவாக் கேட்டார்.

"யாருண்ணே?"

"நம்ம குணா"ன்னு சொல்லிட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார்.

நாற்காலி சாயற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் வரிசையா எல்லா நாற்காலியும்.

முதல்ல முன்னால வந்தது சீன அங்கிள்தான். கிட்ட போய் அண்ணன் கையத் தொட்டுப் பார்த்தார். சூடா இருந்துச்சு போல. உடனே திட்ட ஆரம்பிச்சிட்டார். முனியாண்டி அங்கிள் மட்டும், இவ்ளோ ஏற்பாடு பண்ணியாச்சேங்கற மாதிரி டெண்டையும் அண்ணனையும் மாத்தி மாத்திப் பார்த்தார்.

நான் போய் அண்ணனக் கட்டிப் பிடிச்சு, நிஜமாவே சந்தோஷத்துல அழுதேன். அந்த நிமிஷம் யாருமே என்னைச் சந்தேகப்படல. அண்ணிதான் மேசைப் பக்கம் போனாங்க. போட்டோவ ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் திரும்பி, பேரச் சொல்லாம என்னைக் கூப்பிட்டாங்க. எங்க குடும்பத்துல பேரச் சொல்லாமக் கூப்பிட்டா ஓடிடணும்.

ஓட இடமில்ல. எல்லாத்தையும் சொன்னேன்.

அண்ணன் கோபப்படுவார்னு நினைச்சேன். அவர் தன் போட்டோவுக்குப் பக்கத்துலயே ஒரு நாற்காலியப் போட்டு உட்கார்ந்து, வந்தவங்க முகத்த ஒவ்வொண்ணாப் பார்த்தார். சீன அங்கிளக் காட்டி, இவர் கூடவா வந்திருக்கார்னு என்கிட்ட கேட்டார். அப்புறம் எழுந்து நின்னு, வந்தது வந்துட்டீங்க, எல்லாரும் கேட்டுக்குங்க, கடை ரெண்டு சந்து தள்ளி, முடிவெட்டற கடைக்குப் பக்கத்துலன்னு சொன்னார். லோரியில இருந்த புதுப் பானைய இறக்கி, அந்த டெண்டுக்கு அடியிலயே இடியப்பம் அவிச்சாங்க. சீன அங்கிள் தேங்காய்ப்பூ பத்தலன்னு சொன்னார்.

வராதவங்களுக்குச் சொல்லணுமே. குரூப்பத் திறந்து, இந்தத் தடவ எந்த ஏஐயையும் கேட்காம நானே எழுதினேன். "குணா அண்ணன் உயிரோடு இருக்கிறார்."

உடனே பதில் வந்துச்சு. "ஆம், என்றும் எங்கள் நெஞ்சங்களில்." அதுக்குக் கீழ வரிசையா கை கூப்பற படம்.

அண்ணனே குரல் பதிவு அனுப்பினார். நான் குணாதான் பேசறேன், நல்லா இருக்கேன், கடைக்கு வாங்கன்னு. அதக் கேட்டுட்டு ஒரு அக்கா, இத அவர் எப்போ பேசி வெச்சார்னு கேட்டாங்க.

சாயந்தரம் வீட்டுக்கு வந்து ஏஐயத் திட்டலாம்னு திறந்தேன். விளம்பரத்துக்குக் கீழ ரெண்டு வரி இருந்துச்சு. நான் தள்ளிப் பார்க்கவே இல்ல. "ஒரு சிறு கவனம்: முகவரி சேர்க்காவிட்டால் இது இரங்கல் செய்திபோலத் தோன்றலாம். சேர்க்கட்டுமா?"

புதுக் கடைக்கு இப்போ கூட்டம் நல்லாவே இருக்கு. அண்ணன நேர்ல பார்த்துட்டுப் போகலாம்னே பாதிப்பேர் வராங்க.

நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான்: உயிரோட இருக்கிறவங்கள கலர்ல எடுங்க.