அனுமதி வள்ளல்

வள்ளல்கள் எல்லாம் அந்தக் காலத்தோடு போய்விட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் இலுப்பூரில் மட்டும் தெருவுக்கு இரண்டு பேர் தேறுவார்கள். பழைய வள்ளல்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கொடிக்குத் தேர் கொடுத்தார், மயிலுக்குப் போர்வை கொடுத்தார் என்று. பாவம், விவரம் போதாதவர்கள். தம்முடையதைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் குளிரில் நடுங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து போனார்கள். இன்றைய வள்ளல் அப்படி ஏமாறமாட்டார். மனைவிக்கு, மனைவியினுடையதையே எடுத்துக் கொடுப்பார். கொடுத்த கையோடு ஊருக்கும் சொல்லிவிடுவார். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் அனுமதி வள்ளல்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். வாயைத் திறக்கவிட்டால் போதும். "வீட்ல படிக்கிறாங்க" என்று நீங்களும் நானும் சொல்வோம். அவர் அப்படிச் சொல்லவே மாட்டார். "வீட்ல படிக்க வைக்கிறேன்" என்பார். மனைவி வேலைக்குப் போனால் "வேலைக்கு அனுப்பியிருக்கேன்" என்பார், ஏதோ பார்சல் சர்வீசில் போட்டுவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டு வந்தவரைப் போல. அடுத்த வாக்கியம், நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "நமக்கு அதுல ஒரு ஆட்சேபணையும் கெடையாதுங்க" என்று வந்து விழும். ஆட்சேபணை உண்டா என்று அவரை யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் எல்லோருக்கும் தெரிவித்துவிடுவார்.

என் பக்கத்து வீட்டு அழகுமலையைச் சொன்னால் இந்த இனம் முழுவதையும் சொன்னமாதிரிதான். உரக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. "குடிக்கமாட்டேன், கை நீட்டமாட்டேன், ஞாயித்துக்கெழமை கறி எடுத்துக் குடுத்துருவேன், அதுக்கு மேல ஒரு பொம்பளைக்கு என்னங்க வேணும்?" என்று அவரே பலமுறை கேட்டிருக்கிறார். நானும் பலமுறை யோசிப்பதுபோல நின்றிருக்கிறேன்.

அவர் மனைவி சுகுணா கல்யாணத்துக்கு முன்னால் கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கியவர். பிறகு இலக்கியா பிறந்தாள், அவளுக்குப் பின்னால் ஒரு பையன், அப்புறம் காய்ச்சல், ஹோம்வொர்க், காதுகுத்து, மாமனாரின் கண் ஆபரேஷன் என்று வருஷங்கள் போயின. பையன் ஆறாம் வகுப்புக்குப் போன மாதத்தில், லேப் டெக்னீஷியன் படிப்பில் சேரப்போகிறேன் என்று சொன்னார். ரத்தம் எடுப்பது, சர்க்கரை பார்ப்பது, கண்ணாடித் தகட்டில் சொட்டு வைத்து உற்றுப் பார்ப்பது, இதெல்லாம் கற்றுத்தரும் படிப்பு. கல்லூரி புதுக்கோட்டையில்.

அழகுமலை இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் இலுப்பூர் பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்.

அந்த ஃப்ளெக்ஸை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் அழகுமலை, வெள்ளைச் சட்டையில், காதில் செல்போனை வைத்துக்கொண்டு யாருக்கோ உத்தரவு போடுகிறார். மூலையில் ஒரு வட்டத்துக்குள் சுகுணா. தனியாக எடுத்த போட்டோ எதுவும் வீட்டில் கிடைக்காததால் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள். கழுத்தில் பாதி மாலை இருந்தது. தோளில் யாருடைய கையோ இருந்தது. 'இல்லத்தரசியை மீண்டும் படிக்க வைக்கும் பாசமிகு கணவர் அழகுமலை அவர்களை வாழ்த்துகிறோம்' என்று எழுதியிருந்தது. படிப்பில் சேர்ந்தவருக்கு வாழ்த்து? அதற்கு ஃப்ளெக்ஸில் இடம் போதவில்லை.

இனி அவர் கொடுத்த சுதந்திரத்தின் விவரம். முழுச் சுதந்திரம் என்று அவரே சொன்னதால் அதில் குறை சொல்ல ஏதுமில்லை. விடியுமுன் எழுந்து காலைக்கும் மதியத்துக்கும் சமைத்து, பிள்ளைகளுக்கு டப்பா கட்டி, அவருக்கு ஃப்ளாஸ்க்கில் காபி ஊற்றி மூடி, துணியை ஊறவைத்து, தண்ணீர் வரும் நாளாக இருந்தால் தொட்டியை நிரப்பி, மோட்டாரை நிறுத்திவிட்டு, காலை பஸ்ஸில் புதுக்கோட்டை போய், மாலையில் பிள்ளைகள் வருவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். நடுவில் போன் அடித்தால் எடுக்க வேண்டும். மற்றபடி சுகுணா இஷ்டம்.

போன் அடிக்கும். "ஏ சுகுணா, பெருங்காய டப்பா எங்கிட்டு இருக்கு?" என்று கேட்கும். அழகுமலைக்குப் பெருங்காயம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆனாலும் சுகுணா பஸ் ஏறிய நிமிஷத்தில் வீடு அவருக்கு வெளியூர் ஆகிவிடும். நகவெட்டி எங்கே, சின்னவனின் சாக்ஸ் எங்கே, பால்காரருக்கு என்ன பதில் சொல்ல? மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே "ரெண்டாவது தட்டுல, டீத்தூளுக்குப் பின்னாடி பாருங்க" என்று சுகுணா சொல்வாராம். வகுப்பிலிருக்கும் சின்னப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்களாம்.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டவர் யார்? அழகுமலைதான். அவரே சொல்கிறார். "முன்ன மாதிரி இல்லங்க. இப்பல்லாம் காபிய நானே ஊத்திக் குடிச்சுக்கிறேன்." எனக்கே ஒருமுறை அவர் தோளைத் தட்டிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வள்ளலின் கை சுருங்கியது. ரத்தம் எடுத்துப் பழக சுகுணாவுக்கு ஒரு கை வேண்டியிருந்தது. அழகுமலையைக் கேட்டார். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஊசியைப் பார்த்தார். பிறகு மடித்ததை இறக்கி விட்டுக்கொண்டு, "கடையில லோடு எறங்குது" என்று எழுந்துபோனார். எதிர்வீட்டுச் செவந்திதான் படியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "குத்துங்கக்கா. மாட்டு ஊசியா என்ன?" இரண்டு முறை தப்பியது, மூன்றாம் முறை நரம்பு கிடைத்தது. செவந்தி கை வீங்கிப்போய் ஒரு வாரம் திரிந்தாள். அவளுக்கு யாரும் ஃப்ளெக்ஸ் வைக்கவில்லை.

படிப்பு முடியும் சமயத்தில் சுகுணாவுக்கு ஒரு நல்லது நடந்தது. புதுக்கோட்டையில் அவர் பயிற்சிக்குப் போன லேபை நடத்தும் தேவிப்ரியா, "பாஸ் பண்ணிட்டு வாங்கக்கா, ஏப்ரல்ல ஒங்களுக்குத்தான் எடம். ஆனா அதுக்கு மேல என்னால ஆள் இல்லாம ஓட்ட முடியாது" என்று சொல்லியிருந்தார். மிச்சமிருந்தது பிராக்டிகல் தேர்வு ஒன்றுதான். அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். வேலை அதுவரைக்கும் காத்திருக்காது.

அழகுமலைக்கும் அதே சமயத்தில் ஒரு நல்லது நடந்தது. எங்கள் ஊர் வர்த்தக நண்பர்கள் மன்றம் மகளிர் தின விழாவில் அவருக்குப் 'பெண் கல்விக் காவலர்' என்று பட்டம் கொடுப்பதாகத் தீர்மானம் போட்டது. மன்றத்துக்கு ராசு செயலாளர். நான் துணைத் தலைவர். மற்ற எல்லோரும்கூடத் துணைத் தலைவர்கள்தான். அழைப்பு வைக்க நானும் ராசுவும் போனோம்.

"அண்ணே, ஒங்களுக்குப் பொன்னாடை, ஷீல்டு எல்லாம் ரெடி" என்றான் ராசு. "அண்ணியும் மேடைக்கு வந்துரணும். அப்பத்தான் எடுப்பா இருக்கும்."

"அவ வராம? பட்டுச்சேலையோட வருவா" என்றார் அழகுமலை.

சுகுணா தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றார். "என்னிக்குங்க?"

"மார்ச் எட்டு. காலையில பத்து மணிக்கு."

"அன்னிக்குத்தாங்க எனக்கு பிராக்டிகல்."

ராசு மேலே பார்த்தான். நான் பிஸ்கெட் எடுத்துக்கொண்டேன்.

"அதுக்கென்ன, வேற நாளைக்கு மாத்திக்கச் சொல்லு" என்றார் அழகுமலை.

"எக்ஸாமினர் வெளியூர்ல இருந்து வாராருங்க."

"ஒரு போனப் போட்டுச் சொல்லு. எங்க வீட்டுக்காரருக்குப் படிக்க வச்சதுக்காக விருது குடுக்குறாங்க, அதனால வர முடியலன்னு. அவரும் மனுசன்தானே, சந்தோசப்படுவாரு."

"அப்படியெல்லாம் கேக்க முடியாதுங்க. வேலை போயிரும்."

"அப்பன்னா அடுத்த வருசம் எழுது" என்றார் வள்ளல், சோபாவில் சாய்ந்துகொண்டு. "நான் வேணாம்னா சொல்லப் போறேன்? இன்னொரு வருசம் வேணாலும் படி. எனக்கு ஒரு ஆட்சேபணையும் கெடையாது."

கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வருஷத்தைப் பிடுங்குகிறபோதுகூட அதைக் கொடுப்பதாகவே கொடுக்கிறார். வேறு யாருக்கு வரும் இந்தக் கைத்திறம்? சுகுணா செம்பை வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் சம்மதித்துவிட்டதாக நாங்கள் மூன்று ஆண்களும் எடுத்துக்கொண்டோம். அழைப்பிதழில் பெயரும் போட்டாயிற்று, 'திருமதி அழகுமலை' என்று.

மார்ச் எட்டு விடிந்தது. நான் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். சுகுணா வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனார். பட்டுச்சேலை இல்லை, சாதாரணக் காட்டன் சேலை. பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

விழா மண்டபம் நிறைந்திருந்தது. மகளிர் தினம் என்பதால் மேடையில் நாற்காலி போதவில்லை. அத்தனையும் ஆண்கள். பெண்கள் வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைத்துக்கொண்டு எங்களை வரவேற்றார்கள். அழகுமலை பக்கத்தில் ஒரு நாற்காலி மட்டும் காலியாகக் கிடந்தது. அவர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போன் போட்டார். 'ஸ்விட்ச் ஆஃப்' என்று ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சுகுணாவின் போன் அணைந்தது அன்றுதான். அழகுமலையின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

சிறப்பு விருந்தினர் குனிந்து, "எங்க, அம்மா வரலையா?" என்று கேட்டார். மைக் அதையும் பிடித்துக்கொண்டது. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

தொலைந்தார் மனிதர் என்று நினைத்தேன். வள்ளல்களை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன்.

அழகுமலை எழுந்தார். மைக்கைப் பிடித்தார். "இன்னிக்கு என் மனைவிக்குப் பரீச்சைங்க" என்றார். நிறுத்தினார். "விழாவுக்கு வாரேன், ஒங்க பக்கத்துல நிக்கிறேன்னுதான் ஒத்தக் கால்ல நின்னா. நாந்தான் சொன்னேன், விருதா முக்கியம்? நீ கெளம்பு, போய் எழுதுன்னு... நாந்தான் அனுப்பி வச்சேன்."

சொன்னதும் கண் கலங்கியது. பொய்யாகக் கலங்கவில்லை. அந்த நிமிஷத்தில் அவர் அதை நம்பிவிட்டார். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. சிறப்பு விருந்தினர் தன் தோளில் கிடந்த பொன்னாடையையும் கழற்றி அவருக்கே போட்டார். பக்கத்தில் எல்லோரும் தட்டுகிறபோது சும்மா இருக்க முடியுமா? நானும் தட்டினேன்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிய சுகுணாவைப் பார்த்தேன். "எப்படிம்மா இருந்துச்சு?" என்றேன்.

"ஒரே குத்துல நரம்பு கெடைச்சிருச்சுண்ணே" என்றார். "எக்ஸாமினர், கை நல்லா வருதேன்னு சொன்னாரு." சிரித்தார். இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது. ஏப்ரலில் வேலையில் சேர்ந்துவிட்டார். நீங்கள் புதுக்கோட்டையில் ரத்தம் கொடுக்கப் போனால் வலிக்காமல் எடுப்பவர் யார் என்று விசாரியுங்கள், கை காட்டுவார்கள். அழகுமலை கடையில் உட்கார்ந்து "வேலைக்கு அனுப்பியிருக்கேன்" என்கிறார்.

இவ்வளவு நேரம் நீங்களும் சிரித்தீர்கள். நல்லது. நம் வீட்டில் இப்படி இல்லை என்று மனதுக்குள் ஒரு முறை சொல்லியும் கொண்டிருப்பீர்கள். ஆணாக இருந்தால்தான் இந்த இனத்தில் சேர முடியும் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாமியார்கள் உண்டு, மாமாக்கள் உண்டு, படித்த தங்கைகளும் உண்டு. ஒரே ஒரு சோதனை வைக்கிறேன். மார்ச் எட்டாம் தேதி காலையில் சுகுணா பஸ் ஏறினார் என்று படித்தீர்களே, அந்த இடத்தில், 'அடடா, அவர்கிட்டச் சொல்லிட்டுத்தானே போனா?' என்று உங்களுக்குள் ஒரு கவலை எட்டிப் பார்த்ததா?

பார்த்திருந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டுத்தான் போனார். சுவர் ஒன்றுதான், என் காதிலேயே விழுந்தது: "சட்டை தேச்சு வச்சிருக்கேன், சாம்பார் அடுப்பு மேல இருக்கு, பரீச்சைக்குப் போயிட்டு வாரேங்க."

சொன்னார். அனுமதி கேட்கவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று இப்போது யாருக்காவது தோன்றினால், அவருக்கு என் வணக்கங்கள், வள்ளலே.