நாரையின் பின்னால் நின்ற அப்பா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் கோட்டாற்றில் செத்தவர்களுக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று. உயிரோடு இருந்தபோது ஒரு படத்துக்கும் நிற்காத மனிதர்களெல்லாம் செத்த பிறகு வரிசையாக வந்து கேமராவுக்கு முன்னால் நின்றார்கள். நிற்க வைத்தவர் 'ஆத்ம தரிசன ஸ்டூடியோ' கோலப்பன்.

கல்யாணம் நிச்சயமானால் முதலில் கோலப்பனிடம் ஓடுவது வழக்கமாகிவிட்டது. பெண்ணை முக்காலியில் உட்கார வைப்பார். மந்திரம் சொல்வார். படம் எடுப்பார். மூன்றாம் நாள் படம் கைக்கு வரும். பெண்ணுக்குப் பின்னால் இறந்துபோன அப்பாவோ தாத்தாவோ, வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக, வலது கையைத் தூக்கி ஆசீர்வதித்தபடி புகை மூட்டமாக நிற்பார். முகம் மட்டும் தெரியாது. பாவம், அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர் முகத்தையும் சுமந்துகொண்டா வர முடியும்?

கருங்கல்லிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். துணி வியாபாரியின் வாப்பா வந்தார். கடற்கரை வீட்டு அப்பச்சன் வந்தார். வயல்காரர் வீட்டு அப்பா வந்தார். மூவருக்கும் ஒரே தலைப்பாகை, ஒரே வேட்டி, ஒரே உயரம். பூமியில் ஒரு கிணற்றில் சேர்ந்து தண்ணீர் மொள்ளாதவர்கள் மேலே போய் ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்டது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் அழுது, தட்சணை வைத்து, விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அதே தெருவில் எதிர்ப்பக்கம் இன்னொரு ஸ்டூடியோ இருந்தது. அதன் சொந்தக்காரர் ததேயுஸ், குளச்சலில் வலை இழுக்கிற வீட்டில் பிறந்து கேமராவைப் பிடித்துக்கொண்டவர். கல்யாணம் இருந்தால் கல்யாணத்தை எடுப்பார். இல்லாவிட்டால் தேரூர்க் குளத்தில் முழங்கால் சேற்றில் நின்று முக்குளிப்பானையும் நாரையையும் எடுப்பார். அதுவும் இல்லாவிட்டால் சந்தையில் வாழைக்குலை இறக்குகிறவர்களின் முதுகுகளை எடுப்பார். "வாங்க ஆளில்லாத படத்தை எதுக்குவே எடுக்கீரு?" என்று கேட்டால், "பாக்க நல்லாருக்கு" என்பார். இப்படிப் பதில் சொல்கிறவரின் தொழில் எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

போதாததற்கு ஒரு பழியும் இருந்தது. ஒரு நாள் காலையில் குளத்தில் நாரையை எடுத்த கண்ணாடித் தகட்டை மாற்ற மறந்து, சாயங்காலம் கருங்கல்லில் ஒரு கல்யாணத்தையும் அதே தகட்டில் எடுத்துவிட்டார். படத்தில் மாப்பிள்ளையின் தலைமேல் நாரை ஒற்றைக்காலில் நின்றது. இரண்டு வீட்டாரும் அடிக்க வந்தார்கள். அன்றிலிருந்து அவர் பெயர் நாரைப் படக்காரன்.

ததேயுஸும் லேசுப்பட்டவர் அல்ல. சிறகொடிந்து குளக்கரையில் கிடந்த ஒரு நாரையைத் தூக்கி வந்து, கருங்கல் கல்யாணத்தின் ஞாபகமாகச் 'சம்பந்தி' என்று பெயர் வைத்து, ஸ்டூடியோ வாசலிலேயே வளர்த்தார். ஒரு சாளை மீனைக் காட்டினால் சம்பந்தி எங்கே வேண்டுமானாலும் அசையாமல் நிற்பார். சந்தைக்காரன் ஒருவன் விளையாட்டுக்குத் தென்னை மட்டையில் மீன் செதுக்கிப் போட்டான். சம்பந்தி ஒரு கொத்துக் கொத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

ஆவணி பிறந்த வாரம், மயிலாடியிலிருந்து லீலாபாய் என்ற பெண் ததேயுஸின் ஸ்டூடியோவுக்கு வந்தாள். கையில் கோலப்பன் எடுத்த படம்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க. பின்னால நிக்கது எனக்க அப்பாவாம்."

"உனக்குச் சந்தேகமா பிள்ளே?"

"எனக்க அப்பா கல்வேலைக்காரரு. கல்லு விழுந்து வலது கையில ரெண்டு விரலு போச்சு. மிச்சம் மூணு விரலாலதான் எனக்குச் சோறு ஊட்டுனாரு. இதுல அஞ்சு விரலு நிக்கு."

"கோலப்பன்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். மேலோகத்துல விரலு முளைக்குமாம்."

ததேயுஸ் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. விஷயம் விரலோடு நின்றிருந்தால் அவளும் சிரித்திருப்பாள். கோலப்பன் படத்தை உற்றுப் பார்த்து, கை ஆசீர்வதித்தாலும் முகம் வாடியிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார். இல்லாத முகம் எப்படி வாடும் என்பது தேவரகசியம். பெண்ணின் கழுத்துச் சங்கிலியில் அப்பாவுக்கு மனக்குறையாம். அதைச் சாந்திக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி படம் எடுத்து, முகம் தெளிந்ததா என்று பார்க்க வேண்டுமாம். மாப்பிள்ளையின் அப்பா தங்கையன், "செத்தவரு சம்மதிக்காத பெண்ணு நமக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். லீலாபாயின் அம்மா இசக்கியம்மாள் சங்கிலியைக் கழற்றத் தயாராகிவிட்டாள்.

"அப்பா அம்மி கொத்திக் கொத்திச் சேத்த சங்கிலி, அண்ணாச்சி. அதைக் குடுக்க மாட்டேன். அந்தப் பையனையும் எனக்குப் பிடிச்சிருக்கு. அவரையும் விட மாட்டேன்."

ததேயுஸுக்குக் கோபம் வந்தது. தொழில் போனபோதுகூட வராத கோபம். ஒரு மகள் அப்பாவின் மூன்று விரலை நினைத்து வைத்திருக்கிறாள். ஒருவன் அந்த நினைப்பிலிருந்தே சங்கிலியை அறுக்கப் பார்க்கிறான்.

"ஒரே தகட்டுல ரெண்டு படம் எடுத்தா இப்படித்தான் வரும் மக்கா. முதல்ல எவனையாவது தலைப்பாகை கட்டி நிப்பாட்டி லேசா எடுத்து வச்சுக்கிடுகான். பொறவு அதே தகட்டுல உன்னை எடுக்கான். நான் மறந்து செஞ்சதை அவன் தெரிஞ்சு செய்யுகான்."

"இதைச் சொன்னா நம்புவாங்களா?"

"நாரைப் படக்காரன் பொறாமையில சொல்லுகான்னும்பாங்க. சொல்லாண்டாம். காட்டுவோம்."

அந்த வெள்ளிக்கிழமை காலை மயிலாடியில் லீலாபாயின் வீட்டு முற்றம் நிறைந்துவிட்டது. ஆவியைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊரே வந்திருந்தது. தங்கையன், ஆறு மாதத்துக்கு முன்னால் மூத்த மகன் கல்யாணத்துக்குக் கோலப்பன் எடுத்த படத்தைச் சட்டம் போட்டுக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். அதில் அவருடைய அப்பா நின்றார். கோலப்பன் பட்டு அங்கவஸ்திரத்தோடு கேமராவை முக்காலிக்கு எதிரே நிறுத்திக்கொண்டிருந்தார். அப்போது ததேயுஸ் மூடிய மீன்கூடை ஒன்றோடு வந்து சேர்ந்தார்.

"ஓய் கோலப்பன், ஒரு பந்தயம். கேமரா உம்மது. தகடு உம்மது. மந்திரமும் உம்மது. கழுவி அச்செடுக்கது மட்டும் நான் செய்யுகேன், இங்கேயே, இப்பவே, எல்லாரும் பாக்க. அப்பா வந்தாருன்னா நான் கடையை மூடிட்டு வலை இழுக்கப் போறேன்."

கோலப்பனுக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த சந்தோஷம். அப்பாதான் ஏற்கெனவே தகட்டுக்குள் தயாராக நிற்கிறாரே! "தாராளமாச் செய்யும்வே. வலை வச்சிருக்கீரா, வாங்கணுமா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது.

"எல்லாரும் கண்ணை மூடணும்" என்று கோலப்பன் உத்தரவிட்டார். "ஆவிக்குக் கூச்சம் உண்டு. நானும் மூடிக்கிடுவேன். கண்ணைத் திறந்து படம் எடுக்கது கூலிக்காரனுக்க வேலை."

இருநூறு கண்கள் மூடின. செத்தவரைப் பார்க்க வந்தவர்கள் எதிரே நடப்பதைப் பார்க்காமல் நின்றார்கள். கோலப்பன் கண்ணை இறுக மூடி மந்திரத்தை ராகம் போட்டு இழுத்தார். லீலாபாய் முக்காலியிலிருந்து சத்தமில்லாமல் எழுந்து விலகினாள். ததேயுஸ் கூடையைத் திறந்து சம்பந்தியை முக்காலியில் நிறுத்தி, ஒரு சாளையை வாயில் கொடுத்தார். சம்பந்தி மீனைக் கவ்விக்கொண்டு ஒரு காலை மடக்கினார். கோலப்பனின் கை பழக்கத்தில் கேமராக் கண்ணின் மூடியைத் தேடி எடுத்தது. மூன்று தடவை 'ஓம்' சொல்லி மூடியை மாட்டியது. அதற்குள் சம்பந்தி கூடைக்குள் போய்விட்டார். முக்காலியில் ஒரு வெள்ளை இறகு கிடந்தது. லீலாபாய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

ததேயுஸ் தகட்டை வாங்கிக்கொண்டு நெல் போடும் இருட்டறைக்குள் போனார். கழுவி, காயவைத்து, அச்சுச் சட்டத்துக்குள் தகட்டையும் தாளையும் சேர்த்து வைத்து, முற்றத்து வெயிலில் காட்டினார். அந்தச் சட்டத்தின் பின்பலகை பாதி பாதியாகத் திறக்கும். நல்ல வெயில் குடித்ததும் நிழலுக்குக் கொண்டுவந்து மேல்பாதியை மட்டும் திறந்தார்.

தலைப்பாகை. தூக்கிய கை. மூட்டமான முகம்.

"வந்துட்டாரே!" என்று கத்தினார்கள். இசக்கியம்மாள் கைகூப்பி அழுதாள்.

"முகம் தெளிஞ்சிருக்கா சாமி?" என்று தங்கையன் ஆவலாகக் கேட்டார்.

கோலப்பன் குனிந்து பார்த்தார். பந்தயத்தில் ஜெயித்தவருக்குத் தாராள மனம் வந்துவிட்டது. "நல்லாத் தெளிஞ்சாச்சு. சங்கிலி வரப்போகுதுன்னு தெரிஞ்சுபோச்சுல்லா! பெத்த மகளைப் பாத்துச் சிரிக்காரு."

"மகளைத்தானே?" என்றார் ததேயுஸ்.

"மகளைத்தான்வே! வேற யாரை?"

ததேயுஸ் கீழ்ப்பாதியைத் திறந்தார்.

முக்காலியில் நாரை நின்றது. ஒற்றைக்காலில், மூக்கில் மீனோடு.

"வே, பெண்ணு எங்கே?" என்றார் தங்கையன்.

கோலப்பன் வெளுத்தார். ஆனால் பிழைக்கத் தெரிந்தவர். "ஆகா! என்ன பாக்கியம்! இசக்கியம்மா, உனக்க வீட்டுக்காரருதான் நாரையாட்டுப் பிறந்திருக்காரு!" என்றார். அழுதுகொண்டிருந்த இசக்கியம்மாளின் கைகள் மறுபடி மேலே போயின. பின்வரிசையில் ஒருவர் தேங்காய் இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

லீலாபாய் அம்மாவின் கைகளைப் பிடித்து இறக்கினாள். "அப்பா நாரைன்னா, பின்னால நிக்கது யாரு சாமி? நாரைக்க அப்பாவா? நாரைக்குமா தலைப்பாகை?"

யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். ததேயுஸ் கூடையைத் திறந்தார். சம்பந்தி வெளியே வந்து, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கோலப்பனின் பட்டு அங்கவஸ்திரத்தைக் கொத்தினார்.

தங்கையன் மட்டும் சிரிக்கவில்லை. தம் படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே தலைப்பாகை, அதே மடிப்பு, அதே அஞ்சு விரல். கோலப்பனின் கையைப் பிடித்தார். "அப்ப எனக்க அப்பான்னு சொன்னீரே, இது யாருவே?"

கோலப்பன் தரையைப் பார்த்தார். "எனக்க மச்சினன்."

"செத்துப்போயிட்டானா?"

"இல்ல. கோட்டாத்துச் சந்தையில ஆப்பக்கடை வச்சிருக்கான்."

ஆறு மாதமாகத் தங்கையன் சந்தைக்குப் போனபோதெல்லாம் அந்தக் கடையில்தான் ஆப்பம் தின்றார். தேங்காய்ப்பால் தண்ணியாக இருக்கிறது என்று அப்பாவையே நாலு தடவை திட்டியும் இருக்கிறார். வீட்டுக்கு வந்து அவருக்கே கற்பூரம் காட்டியிருக்கிறார். வெட்கத்தில் அவர் லீலாபாயின் முகத்தைப் பார்க்கவில்லை. "தப்புப் பண்ணிட்டேன் மக்கா. முகூர்த்தம் மாறாது" என்று முக்காலியிடம் சொன்னார்.

கல்யாணப் படத்தை ததேயுஸ் எடுத்தார். தகடு புதுசுதானா என்று மூன்று தடவை பார்த்துக்கொண்டார். லீலாபாய் சங்கிலி போட்டு, அப்பாவின் உளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னால் ஒருவரும் நிற்கவில்லை. அந்தப் படத்தில்தான் அவளுடைய அப்பா இருந்தார் என்று ததேயுஸுக்குத் தோன்றியது.

கதை இதோடு முடிந்திருந்தால் நாடு உருப்பட்டிருக்கும். அடுத்த வாரம் ததேயுஸின் வாசலில் ஏழெட்டுப் பேர் சாளை மீனோடு நின்றார்கள். கோலப்பனையே பிடித்துக் கொடுத்த நாரையாயிற்றே, காணாமல் போன மாட்டைப் பற்றி ஏதாவது குறி சொல்லுமா என்று கேட்டார்கள்.

"அது ஒண்ணும் சொல்லாது. மீனைப் போட்டுட்டு என்ன செய்யுதுன்னு மட்டும் பாருங்க" என்றார் ததேயுஸ்.

போட்டார்கள். சம்பந்தி ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தார். நிஜ மீன்தான் என்று தெரிந்த பிறகு விழுங்கினார். அந்த ஐந்தறிவுக்கு இருக்கிற வழக்கம் ஆறறிவுக்காரர்களுக்கும் வந்தால் என்ன? விழுங்குவதற்கு முன்னால் ஒரு கொத்து, ஐயா, ஒரே ஒரு கொத்து!