சகலையின் நட்சத்திரம்

சகலையின் மேசையில் கிடந்த வரைபடத்தைப் பார்த்ததும் ஆய்வாளருக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் அச்சு அசலாக அவருடையது.

வானாய்வு நிலையத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த அறை. அக்காவைக் கட்டியவர் சகலை, தங்கையைக் கட்டியவர் இவர். இவர் இரண்டு வருடமாகத் துரத்துவது, விம்மித் தணியும் ஒரு நட்சத்திரத்தை. விம்மும்போது அது உமிழும் வாயு, தட்டு மாதிரி அதையே சுற்றிக்கொண்டிருக்கும். தட்டு பருத்தால் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடு உயரும், மெலிந்தால் தாழும். சகலையுடையதும் அதே வகைதான். இவருடையது பழைய நட்சத்திர அட்டவணையில் 212ஆம் எண், அவருடையது புது அட்டவணையில் 5847.

அடுத்த வருடம் ஒரு நட்சத்திரத்துக்குத்தான் தொலைநோக்கி. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இயக்குநர் முடிவு சொல்வார்.

"என் வரைபடத்தைத் திருடுறார்," என்றார் மனைவியிடம்.

"யாரு, அத்தானா? சட்டைக்குப் பட்டனே அக்காதான் போட்டுவிடணும். அவர் திருடவா?"

ஆனாலும் அக்காவிடம் கேட்டுவிட்டாள். போனை வைத்த அக்கா அப்புறம் எடுக்கவேயில்லை.

ஆய்வாளர் கணினியின் கடவுச்சொல்லை மாற்றினார். அடுத்த வாரமும் இரண்டு படமும் ஒன்று. பொறி வைத்தார். தன் படத்தில் பதினேழாம் தேதியில், இல்லாத ஒரு முகட்டைச் சொருகினார். திருடுகிறவர் அதையும் சேர்த்துத் திருடட்டும்.

சகலையின் படத்தில் முகடு இல்லை. மற்றதெல்லாம் இருந்தது.

திருடினால் முகடு எங்கே? திருடாவிட்டால் மற்றதெல்லாம் எப்படி? புரியாமல் உட்கார்ந்திருந்தவரின் அறைக்குள் இயக்குநர் எட்டிப் பார்த்தார். வாராந்திர அறிக்கையில் முகடு வைத்த படம் தானாகவே போயிருந்தது.

"பதினேழாம் தேதி என்னமோ நடந்திருக்குய்யா. என் சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்ல. வெள்ளிக்கிழமை நீங்கதான் முதல்ல பேசணும்."

முகட்டை வைத்திருந்தால் பொய். எடுத்தால் படம் சகலையுடையதாகிவிடும். திருட்டுப் பட்டம் இவருக்கு. வெள்ளிக்கிழமை மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, எடுத்துவிட்டார்.

திரையில் இரண்டு படங்களும் அருகருகே வந்தன. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"முகடு எங்கய்யா?"

"அது... நான் வச்சதுங்க. இவரைப் பிடிக்க."

"என்னையா?" என்றார் சகலை. "நான் உங்களைப் பிடிக்கத்தானே மூணு நாளா கதவைப் பூட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், சகலை."

"யாரோட படம்யா அசல்?" என்றார் இயக்குநர்.

இருவரும் ஒரே நேரத்தில் கை தூக்கினார்கள்.

திரைக்குப் பின்னால் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்த தொலைநோக்கி இயக்குபவர் தலையை மட்டும் நீட்டினார்.

"ரெண்டும் அசல்தான் சார். ஒன்பது மணிக்கு 212, ஒன்பதரைக்கு 5847, நடுவுல நான் டெலஸ்கோப்பை நகர்த்தறதே இல்ல. சொந்தக்காரங்க, ஒரே நட்சத்திரத்தைப் பேசி வச்சுத்தான் ரெண்டு நம்பர்ல கேக்கறாங்கன்னு நெனச்சேன்."