பிளாட்டினமும் மாமாவின் துன்னூறும்

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிர்பார்த்த விடை வந்துவிட்டால், அது ஏன் வந்தது என்று கேட்கத் தோன்றாது. எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்த காலத்துக் கதை இது.

டைட்டானியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொருளின் மேல் பிளாட்டினத்தைச் சில அணுக்கள் சேர்ந்த குட்டிக் கொத்துகளாகப் படிய வைத்தால், அந்த மேற்பரப்பின் எலக்ட்ரான் அமைப்பே மாறும் என்று நிரூபிப்பதுதான் என் முனைவர் பட்ட வேலை. (புரியாவிட்டால் பரவாயில்லை, எனக்கே மூன்றாவது வருடம்தான் புரிந்தது.) சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு வில்லைகள். ஒன்றில் பிளாட்டினம், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வெறுமனே. இரண்டையும் டப்பாக்களில் காற்றுப் படாமல் திருகி மூடி, வெளியூரில் இருந்த அளக்கும் கருவிக்கு எடுத்துப் போனேன். வழியில் ஆயுத பூஜைக்கென்று வடக்கனந்தலில் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டுப் போனேன். அதுதான் தப்பு.

அளந்தபோது, பிளாட்டினம் போட்ட வில்லையின் வரைபடத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு மேடு எழும்பியிருந்தது. வெறும் வில்லையை அளக்க நான் மெனக்கெடவே இல்லை. அதில் என்ன இருந்துவிடப் போகிறது? அந்த மேடு நிஜமென்றால் உடனே ஆய்வேட்டை எழுதலாம். இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் ஆய்வுக்கூடமே கதி.

துறைக் கருத்தரங்கில் நாற்பது நிமிடம் முழங்கினேன். பிளாட்டினம் எலக்ட்ரானை வாரி வழங்குகிறது என்றேன். மேட்டுக்கு என் பெயரை வைக்கும்போது இனிஷியலோடு வைப்பார்களா என்பது மட்டும்தான் அன்று எனக்கிருந்த சந்தேகம்.

என் வழிகாட்டியான பேராசிரியை ஒன்றே ஒன்று கேட்டார். "வெறும் வில்லையில இந்த மேடு இல்லைன்னு பார்த்துட்டியாம்மா?"

மறுவாரம் பார்த்தேன். பிளாட்டினமே இல்லாத வில்லையிலும் அதே மேடு, ஏறக்குறைய அதே உயரம். கூடவே கால்சியம், பொட்டாசியம். இவர்களை யார் அழைத்தது? டப்பாக்கள் என் கையை விட்டு விலகிய ஒரே இடம் வீடு. அன்று வீட்டில் பூஜை போட்டவர், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டும் மாமா. அவருக்குப் போன் போட்டேன்.

"ஆமா பாப்பா, டிராக்டருக்குப் படைக்கும்போது உன் டப்பாவையும் வெச்சேன். உன் தொழிலுக்கு அதானே ஆயுதம்?"

"தொறந்தீங்களா மாமா?"

"மூடிக்கினு இருந்தா சாமிக்கு எப்டித் தெரியும்? துன்னூறு பூசி, நீ திட்டுவியேன்னு துண்டால நல்லாத் தொடச்சி வெச்சிட்டேன்."

"ரெண்டுத்துக்குமா?"

"பின்ன? ஒன்னுக்குப் பூசி ஒன்ன வுட்டா நல்லாவா இருக்கும்? இன்னா, ராசியா இருந்துச்சா?"

திருநீறு என்பது சாம்பல்தானே, கால்சியமும் பொட்டாசியமும் அதிலிருந்து வந்தவைதான். அழுதுவிட்டேன். ஒரு வருடம் போனது போனதுதான். புது வில்லைகளோடு எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். பிளாட்டினமும் மேட்டை எழுப்பத்தான் செய்தது. ஆனால் மாமாவின் துன்னூறு எழுப்பியதில் கால்வாசிகூட இல்லை. பட்டம் வாங்கிய சந்தோஷத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இதை வீட்டில் சொல்லிவிட்டேன்.

போன மாதம் மாமா மகனுக்கு நிச்சயதார்த்தம். கள்ளக்குறிச்சியில் நகைக்கடைக்காரர் பிளாட்டினம் மோதிரத்தை எடுத்து முன்னால் வைத்தார். மாமா அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"வேணாங்க. எங்க பாப்பா மெஷின்ல போட்டே பாத்துடுச்சி. துன்னூறுக்கு முன்னால இதுக்குப் பவர் கம்மிங்க."