மாமனார் வீட்டுக்கு ஒரு மண்டையோடு

எனக்குத் திசை தெரியாது. மாத்தளை நகரிலேயே பிறந்து வளர்ந்தவன்தான். ஆனாலும் பஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், கண்டி எந்தப் பக்கம், தம்புள்ளை எந்தப் பக்கம் என்று ஒரு நிமிடம் நின்று யோசிப்பேன். இப்படிப்பட்ட ஒருவனை ஒரு விதைக் கம்பனி விற்பனைப் பிரதிநிதியாக எடுத்து, மோட்டார் சைக்கிளும் கொடுத்து, சீகிரியாவிலிருந்து வில்கமுவ வரைக்கும் சுற்றி வரச் சொன்னது. (கம்பனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் மானம் இருக்கிறது.)

யுத்தம் முடிவதற்கு முந்தைய வருடம் அது. கட்டாரிலிருந்து லீவில் வந்த பெரியம்மா மகன் செல்வம், விற்பதற்கென்று இரண்டு ஜீ.பி.எஸ். கருவிகள் கொண்டுவந்திருந்தான். ஒன்றில் கலர்த் திரை, வரைபடம் எல்லாம் உண்டு. வாய் திறந்து வழியும் சொல்லும். மற்றது சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு சாம்பல் நிறச் சாமான். விலை முதலாவதில் பாதிகூட இல்லை.

"இது என்னடா செய்யும்?" என்று மலிவானதைக் கையில் எடுத்தேன்.

"நீ போன இடத்துல நின்னு பட்டனை அமுக்கினா ஞாபகம் வச்சுக்கும். அடுத்த தடவை அங்க போறதுக்கு அம்புக்குறி காட்டும்."

"அப்ப போகாத இடத்துக்கு?"

"போயிட்டு வந்து அமுக்கணும்."

தெரிந்த இடத்துக்கு மட்டும் வழி காட்டும் கருவி. அதைத்தான் வாங்கினேன். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஹேண்டிலில் கட்டிக்கொண்டு, விண்கலம் ஓட்டுகிறவன் மாதிரி ஊரைச் சுற்றினேன்.

அதில் பெயர் எழுதுவது பெரும்பாடு. ஒவ்வொரு எழுத்துக்கும் பட்டனை மேலும் கீழும் அமுக்கவேண்டும். நான் சோம்பேறி. உள்ளே தயாராக இருந்த சின்னப் படங்களையே போட்டுவைத்தேன். நிறைய ஓடர் தரும் கடைக்கு மீன். நாளைக்கு வா, நாளைக்கு வா என்று இழுத்தடிக்கும் கடைக்குக் கொடி. கடிக்கிற நாய் உள்ள வீட்டுக்கு மண்டையோடு. (பைக்கில் வீடு வீடாகப் போய் வியாபாரம் செய்தவர்களுக்கு இதன் நியாயம் புரியும்.) ஒரே மாதத்தில் மாத்தளை மாவட்டம் முழுக்க மண்டையோடுகள்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா எனக்குப் பலாபத்வலையில் ஒரு பெண் பார்த்தார். பெயர் வசந்தி, ஆசிரியை. அப்பா ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். சனிக்கிழமை நாலு மணிக்குப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியாயிற்று. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் சொல்லாமல் அந்த வீட்டுப் பக்கம் ஒரு சுற்றுப் போனேன். (எல்லா மாப்பிள்ளைகளும் போவதுதான். ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.) பெண்ணைப் பார்க்கவில்லை. ஒரு செம்மண் நிற நாயைப் பார்த்தேன். அது என்னைப் பிரதான வீதி வரைக்கும் துரத்தியது. அது திரும்பிப் போனதும் அந்த இடத்துக்கும் ஒரு மண்டையோடு போட்டேன்.

சனிக்கிழமை காலை வில்கமுவவில் விவசாயிகள் கூட்டம். "முடிஞ்சதும் நேரா அங்க வந்துரு தம்பி, பிந்திராத" என்று அம்மா பத்துத் தடவை சொல்லிவிட்டு, மாமாவுடன் பலாபத்வலைக்கு வேனில் போவதற்கு ஏற்பாடு செய்திருந்தார். கூட்டம் முடியப் பகல் ஒரு மணி தாண்டிவிட்டது. பட்டியலில் கடைசியாக இருந்த பலாபத்வலை மண்டையோட்டைத் தெரிவுசெய்து அமுக்கினேன். வழக்கமான பாதை வலப்பக்கம் போனது. அம்பு இடப்பக்கம் காட்டியது. தூரமும் பாதிதான். இந்த ஊர் ஆட்கள் எல்லாம் ஏன் வீணாகச் சுற்றிப் போகிறார்கள் என்று எனக்குள் ஒரு சிரிப்பு.

அம்புக்கு மலை தெரியாது, காடு தெரியாது, குளம் தெரியாது. இரண்டு இடங்களுக்கும் நடுவில் நேர்கோடு போடத்தான் தெரியும். இது எனக்குத் தெரியாது. டிராக்டர் பாதையில் போய், வயல் வரம்பில் உருட்டி, கடைசியில் ஒரு குளக்கட்டில் நின்றேன். அம்பு குளத்தின் நடுவைக் காட்டியது. குளத்தைச் சுற்றிக்கொண்டு காட்டுப் பாதையால் வெளியே வந்தால், முன்னால் மண்மூட்டை, தடுப்பு, துப்பாக்கியோடு ஆமிக்காரர்கள்.

அந்தக் காலத்தில், அந்தப் பக்கத்தில், காட்டுக்குள்ளிருந்து ஒரு தமிழ்ப் பொடியன் தனியாகப் பைக்கில் வருகிறான். ஹேண்டிலில் ஏதோ ஒன்று மினுங்குகிறது. அப்படிப் பிடிபட்டு வீடு திரும்பாதவர்களின் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அடையாள அட்டையைப் பார்த்த அதிகாரி, கருவியைக் கழற்றி ஒவ்வொன்றாக அமுக்கினார். பேச்சு முழுக்கச் சிங்களத்தில்.

"இந்த மண்டையோடெல்லாம் என்ன?"

"நாய், சேர்."

"எல்லாமேயா?"

"எல்லாம் நாய்தான், சேர். இப்போது அம்பு காட்டுவது பலாபத்வலை நாய்."

எனக்கே அது பொய் மாதிரித்தான் கேட்டது. பையைக் கொட்டினார்கள். போஞ்சி விதை, கத்தரி விதை, புதுச் சட்டை, சீப்பு, முகப் பவுடர்.

"உன்னைத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?"

கம்பனிக்குப் போன் அடித்தார்கள், சனிக்கிழமை, பூட்டு. வீட்டில் ஆள் இல்லை. அம்மாவிடமும் கூடப் போன மாமாவிடமும் போன் இல்லை. சட்டைப்பையில் ஒரே ஒரு நம்பர், பெண்ணின் அப்பாவுடையது. அதிகாரி அதற்கு அடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். என் பெயரைச் சொல்லி, "இந்த ஆளைத் தெரியுமா?" என்றார்.

அந்த மனிதர் என்னைக் கண்ணாலும் கண்டதில்லை. "தெரியாது" என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் என் கதி என்னவென்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பயம்.

"தெரியும் சேர்," என்றார், போஸ்ட் ஒபிஸ் சிங்களத்தில், நிதானமாக. "எங்கள் மருமகன்."

"அப்படியா? உங்கள் மருமகன் பலாபத்வலையில் ஒரு மண்டையோடு போட்டு வைத்திருக்கிறாரே?"

அவர் வாய் திறக்குமுன் நான் போனைப் பார்த்துத் தமிழில் கத்தினேன்: "மாமா, அது உங்க வீட்டு நாய்! போன ஞாயித்துக்கிழமை என்னைத் தொரத்துச்சு மாமா!"

"போன ஞாயித்துக்கிழமையா?" அவரும் தமிழுக்கு மாறினார். "இன்னைக்குத்தான் மொத தடவையா வாறீங்கன்னு அம்மா சொன்னாங்களே?"

அதற்குள் என் கத்தல் அந்த வீட்டில் கேட்டதோ என்னவோ, போனுக்குள்ளிருந்து ஒரு குரைப்பு. பிறகு ஓயாத குரைப்பு. "ஜிம்மி! சும்மா இரு ஜிம்மி!" என்று பெண் குரல் ஒன்று. வருங்கால மனைவியின் குரலை நான் முதன்முதலில் கேட்டது அப்படித்தான்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். கருவியை அவரே வைத்துக்கொண்டார்.

"வாய் இருக்கிறதல்லவா தம்பி? வழியைக் கேட்டுப் போ," என்று பைக்கைக் காட்டினார். பெரிய வீதிக்கு வந்து சேரும்வரை ஹெல்மட்டுக்குள் அழுதுகொண்டே ஓட்டினேன். அப்படியொரு நிம்மதியை அதற்குப் பிறகு நான் அனுபவித்ததில்லை.

போய்ச் சேர ஆறரை. அம்மா என் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டு, முதுகில் ஒன்று வைத்தார். போஸ்ட்மாஸ்டர் எழுந்து நின்று சபைக்குச் சொன்னார்: "நான் ஆமிக்காரங்ககிட்ட மருமகன்னு சொல்லிட்டேன். என் பக்கம் பேச்சு முடிஞ்சுது. இனி பிள்ளைதான் சொல்லணும்."

வசந்தி தேநீரை நீட்டியபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சேறு, வியர்வை, பாதி கலைந்த பவுடர்.

"எங்க வீட்டுக்கு மண்டையோடு, சரி. நல்ல எடத்துக்கு என்ன போடுவீங்க?"

"மீன்," என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த மற்றக் கோப்பைகள் தளும்பின. மூன்று மாதத்தில் கல்யாணம்.

இப்போது எல்லோருடைய போனும் பேசி வழி சொல்கிறது. வசந்தியின் போனிலோ மீனும் மண்டையோடும் இருக்கின்றன. வேலை முடியும் நேரத்தில் இரண்டில் ஒன்றை அனுப்புவாள். மீன் வந்தால் நேரே வீட்டுக்கு. மண்டையோடு வந்தால் பேக்கரிப் பக்கம் திரும்பி, உள்ளே மீன் வைத்த மாலுபாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு. மாமனார் இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் "நான் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு எடுத்த பார்சல்" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துகிறார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் சிணுங்குகிறது. மண்டையோடு, ஒன்றல்ல மூன்று. எங்கள் வீட்டு நாய்க்குச் சோறு வைக்க மறந்துவிட்டேன்.